எம்ஜிபி ஜிடிக்கு ரோவர் வி8: 3.5 லிட்டரே போதும்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்ஜி கம்பெனியின் மூடிய கூரை ஸ்போர்ட்ஸ் காரான பழைய எம்ஜிபி ஜிடியில் இருக்கிற நாலு சிலிண்டர் இன்ஜினை இறக்கிவிட்டு ரோவரின் 3.5 லிட்டர், எட்டு சிலிண்டர் வி8-ஐ ஏற்றுவது நல்ல வேலை, போட்ட காசுக்குப் பலன் தெரிகிறது, மனசாரச் சிபாரிசு செய்வேன். ஆனால் வேகத்துக்காகச் செய்யப் போகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இந்தச் செலவில் பாதிக்கு இப்போதைய ஹேட்ச்பேக் ஒன்று வாங்கினால் அது இந்தக் காரை எந்தச் சாலையிலும் முந்திவிடும். இந்த மாற்றத்தில் கிடைப்பது இழுவை. மூன்றாவது கியரில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும்போது காலைக் கொஞ்சம் அழுத்தினால் முதுகை இருக்கையில் சாய்த்து எடுத்துப் போகிறதே, அதுதான். அதற்கு 3.5 லிட்டர் தாராளம். இதே இன்ஜினின் பெரிய 4.6 லிட்டர் வகையைத் தேடி அலைய வேண்டியதில்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

என் கார் 1978-இல் ஆபிங்டன் தொழிற்சாலையில் செய்தது, கறுப்பு ரப்பர் பம்பர் வைத்த ஜிடி. நான் லண்டனில் இருக்கிறேன், வேலையைச் செய்தது ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் உள்ள ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். இரண்டே பேர், பழைய பிரிட்டிஷ் கார்களை மட்டும்தான் தொடுவார்கள். பெயர் போடவில்லை. அவர்கள் செய்ததில் பாராட்டவும் நிறைய இருக்கிறது, குறை சொல்லவும் இருக்கிறது, தவிர இந்த விமர்சனம் முக்கியமாக இந்த மாற்றத்தைப் பற்றியதுதான். இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் ஒரு ரோவர் எஸ்டி1-லிருந்து வந்தவை. அந்தக் காரின் பாடி துருப்பிடித்து வீணாகிவிட்டது, இன்ஜின் மட்டும் நன்றாக இருந்தது.

எம்ஜிபிக்கு ஏன் எல்லோரும் இந்த இன்ஜினையே தேடுகிறார்கள் என்பதற்குக் காரணம் எடை. எம்ஜியின் பழைய 1798 சிசி இன்ஜின் முழுக்க வார்ப்பிரும்பு, தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரோவர் வி8-இல் பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். கொள்ளளவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, சிலிண்டர் இரண்டு மடங்கு, ஆனாலும் எடை சுமார் 18 கிலோ குறைவு. பெரிய ரேடியேட்டர், கூடுதல் எக்ஸாஸ்ட் குழாய், கனமான கியர்பாக்ஸ் எல்லாவற்றையும் சேர்த்தால் கணக்கு ஏறத்தாழச் சரியாகிவிடும், ஆனால் மூக்கு கனக்காது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய வேண்டுமானால் எம்ஜிசியைப் பார்க்க வேண்டும். 1967-இல் எம்ஜியே இதே பாடியில் 2912 சிசி ஆறு சிலிண்டர் இரும்பு இன்ஜினை வைத்து விற்றது. அது பழைய இன்ஜினைவிடக் கிட்டத்தட்ட 95 கிலோ அதிகம். முன் சஸ்பென்ஷனையே மாற்றி வடிவமைக்க வேண்டி வந்தது, அப்படியும் வளைவில் கார் திரும்ப மறுக்கிறது என்று அன்றைய பத்திரிகைகள் கடுமையாக எழுதின, 1969-இல் நிறுத்திவிட்டார்கள். பவர் இருந்தது, இன்ஜின் மோசமும் இல்லை. முன்னால் விழுந்த எடைதான் அந்தக் காரின் பெயரைக் கெடுத்தது.

இந்த வி8 பிறப்பில் அமெரிக்க இன்ஜின். 1961-இல் ப்யூக் கார்களுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் செய்தது, இதை வைத்து ஓல்ட்ஸ்மொபைலும் வந்தது. அலுமினிய வார்ப்பு அப்போது செலவு பிடித்த வேலை, மெல்லிய சுவருள்ள இரும்பு பிளாக் மலிவாகச் செய்ய வந்ததும் 1963-ஓடு விட்டுவிட்டார்கள். ரோவரின் நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் அமெரிக்கா போனபோது ஒரு படகு இன்ஜின் நிறுவனத்தில் இதைப் பார்த்திருக்கிறார், அப்படித்தான் 1965-இல் உரிமை ரோவருக்கு வந்தது. அதற்குப் பிறகு ரோவர் பி5பி, பி6, ரேஞ்ச் ரோவர், மார்கன் பிளஸ் 8, எஸ்டி1, டிரையம்ப் டிஆர்8, டிவிஆர் என்று எத்தனையோ வண்டிகளில் போய் உட்கார்ந்தது. அமெரிக்காவில் மூன்று வருஷம் கூட ஒழுங்காக வாழாத இன்ஜின் இங்கிலாந்தில் நாற்பது வருஷத்தை ஒட்டி ஓடியது. அதனால் இன்றும் உதிரிப்பாகத்துக்குப் பஞ்சமே இல்லை, போல்ட் முதல் பிஸ்டன் வரை புதிதாகவே கிடைக்கிறது. இந்தக் காரை வாங்கி வைத்துக்கொண்டு பாகம் தேடி அலைவேனோ என்று பயப்படுபவர்கள் பயத்தை விட்டுவிடலாம்.

எஸ்டி1 என்றதும் சென்னைக்காரர்களுக்கு ஒன்று ஞாபகம் வரலாம். 1985-இல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி வெளியிட்ட ஸ்டாண்டர்ட் 2000, எஸ்டி1-இன் அதே பாடிதான். அந்த நீளமான அழகான உடம்புக்குள் இங்கிலாந்தில் வி8 இருந்தது, நமக்கு வந்ததில் பழைய வான்கார்ட் காலத்து இன்ஜினிலிருந்து வந்த 1991 சிசி நாலு சிலிண்டர், 83 குதிரைத்திறன். பெட்ரோல் செலவும் உள்நாட்டு உற்பத்தி விதிகளும் இருந்த நிலைமையில் அவர்களால் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று தெரியவில்லை, ஆனால் அவ்வளவு பெரிய உடம்பை அந்த இன்ஜினால் இழுக்க முடியவில்லை, மூன்று வருஷத்தில் கதை முடிந்தது. ஒரு காருக்கு அதன் உடம்புக்கேற்ற இன்ஜின் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு இவ்வளவு அக்கறை இருப்பதற்கு அந்தக் காரும் ஒரு காரணம்.

சரி, எம்ஜிக்கு வருவோம். முதலில் இதைச் செய்துகாட்டியவர் கென் காஸ்டெல்லோ. 1970களின் தொடக்கத்தில் தன் பட்டறையிலேயே எம்ஜிபியில் இந்த வி8-ஐ ஏற்றி விற்க ஆரம்பித்தார், வாங்க ஆள் வந்தார்கள். அவர் செய்த காரை எம்ஜியின் தாய்க் கம்பெனியான பிரிட்டிஷ் லேலண்ட் வாங்கிப் பார்த்தது, 1973-இல் தொழிற்சாலையிலிருந்தே எம்ஜிபி ஜிடி வி8 வந்தது. 137 பிஎச்பி, 262 என்எம் டார்க் (இழுவையின் அளவு), ஜிடியில் மட்டும், திறந்த கூரை மாடலில் கிடையாது. காஸ்டெல்லோவின் கார்களில் கார்புரேட்டர் இடிக்காமல் இருக்க பானெட்டில் ஒரு மேடு இருக்கும், தொழிற்சாலைக்காரர்கள் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களையும் பின்னால் தள்ளி ஃபயர்வால் (இன்ஜின் அறைக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவிலுள்ள தகடு) பக்கம் வைத்து பானெட்டைத் தட்டையாகவே விட்டார்கள். வந்த வருஷமே எண்ணெய் நெருக்கடி. 1976-க்குள் 2591 கார்களோடு நிறுத்திவிட்டார்கள். இவ்வளவு பொருத்தமான காரை இவ்வளவு சீக்கிரம் கைவிட்டது எனக்கு இன்னும் ஆதங்கம்தான்.

அந்தத் தொழிற்சாலை முயற்சியால் நமக்கு ஒரு நன்மை மிச்சம். ரப்பர் பம்பர் காலத்து எம்ஜிபிகளில் இன்ஜின் அறையின் தகடுகளை வி8-க்கும் பொருந்தும்படியே எல்லாக் கார்களுக்கும் பொதுவாக அடித்துவிட்டார்கள், பிந்திய கார்களில் ரேடியேட்டரையும் முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். குரோம் பம்பர் வைத்த பழைய கார்தான் அழகு, விலையும் அதற்குத்தான் அதிகம், ஆனால் அதில் வி8 ஏற்றுவதற்கு ஃபயர்வால் பக்கம் தகட்டைத் தட்ட வேண்டும், உள் மட்கார்டை ஒடுக்க வேண்டும். யாரும் சீந்தாத ரப்பர் பம்பர் ஜிடியை மலிவாக வாங்கினால் வெட்டு ஒட்டு இல்லாமல் இன்ஜின் உள்ளே இறங்கும். நல்ல குரோம் பம்பர் காரை இதற்காக வெட்டாதீர்கள், தயவுசெய்து.

இப்போது ஓட்டிப் பார்த்த அனுபவம். பழைய இன்ஜினில் டார்க் 149 என்எம். எஸ்டி1-இன் இந்த இன்ஜினில் 268, அதுவும் 2500 சுற்றிலேயே முழுசாக வந்துவிடுகிறது. எண்ணாகப் பார்த்தால் இன்றைய டர்போ கார்களுக்கு முன் இது ஒன்றுமே இல்லை. ஆனால் இந்தக் கார் 1100 கிலோ சொச்சம்தான், அதில் இந்த இழுவை வேறு மாதிரி தெரிகிறது. எம்40 நெடுஞ்சாலையில் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து லண்டன் திரும்பும்போது சில்டர்ன் மலைச் சரிவு ஏறுவதற்கு, முன்பெல்லாம் ஓவர்டிரைவை (நாலாவதுக்கு மேலான நெடுஞ்சாலைக் கியரை) எடுக்க வேண்டும், சில நேரம் மூன்றாவதுக்கு இறங்க வேண்டும், லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான். இப்போது ஐந்தாவது கியரிலேயே ஏறுகிறது. இன்ஜின் சத்தம் கூட மாறுவதில்லை. கிராமத்துச் சாலைகளில் இன்னும் சுகம்: இரண்டாவதும் மூன்றாவதும் போதும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம், வளைவிலிருந்து வெளியே வரும்போது அவசரமில்லாமல் எடுத்துக்கொண்டு போகிறது. ஸ்டியரிங் பழையபடியேதான் இருக்கிறது, முன்பக்கம் கனத்த உணர்வு துளிகூட இல்லை. மனைவி முன்பு இந்தக் காரில் நீண்ட தூரம் வர மாட்டாள், இரைச்சலில் தலைவலி வந்துவிடும். இப்போது வருகிறாள், பேசிக்கொண்டே போக முடிகிறது.

அந்த அமைதிக்கு இன்ஜின் மட்டும் காரணமில்லை, பின் ஆக்சிலும்தான். இதைப் பலரும் கவனிப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சாதாரண எம்ஜிபியின் பின் ஆக்சில் விகிதம் 3.909, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 3.909 சுற்று சுற்ற வேண்டும். பலமில்லாத இன்ஜினுக்கு அது தேவை. அதே ஆக்சிலை வைத்துக்கொண்டு எஸ்டி1-இன் கியர்பாக்ஸைப் போட்டால் முதல் கியர் எதற்கும் உதவாது, கிளட்சை விட்டதுமே இரண்டாவதுக்குப் போக வேண்டியிருக்கும், நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைலில் இன்ஜின் 3200 சுற்றில் கத்திக்கொண்டிருக்கும். தொழிற்சாலை வி8-இல் வைத்தது 3.07. நானும் அந்தக் கிரவுன் பினியன்தான் போடச் சொன்னேன். இப்போது 70 மைலில் 2500-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. ஒர்க்‌ஷாப்பில் முதலில் ‘ஆக்சிலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்குப் பழையதே ஓடும்’ என்றார்கள், செலவைக் குறைக்கத்தான் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆக்சில் மாற்றாமல் வி8 போட்ட நண்பர் ஒருவரின் காரை ஓட்டிப் பார்த்திருக்கிறேன், பாதிப் பணத்தைத் தண்ணீரில் போட்ட மாதிரி இருந்தது.

கியர்பாக்ஸ் பற்றி: எல்டி77 என்கிற அந்த ஐந்து கியர் பெட்டி பலமானது, ஆனால் மென்மையானது அல்ல. குளிர்காலக் காலையில் ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளுவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஐந்து மைல் ஓடி எண்ணெய் சூடான பிறகு சரியாகிவிடும். நடுச் சுரங்கத்தை ஒரு இடத்தில் அகலமாக்க வேண்டியிருந்தது, லீவர் பழைய இடத்தைவிடச் சற்றுத் தள்ளி வந்திருக்கிறது, பழகிவிட்டது. கிளட்ச் கனம். லண்டன் நெரிசலில் இடது முழங்கால் வலிக்கிறது, இது பெரிய குறைதான்.

இன்ஜினைத் திறந்தபோது என்ன இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரோவர் வி8 வாங்குகிற எல்லோரும் இதைத்தான் பார்ப்பார்கள். டேப்பட் மூடியைக் கழற்றினால் கறுப்புச் சேறு. ஆயிலை நேரத்துக்கு மாற்றாத இன்ஜின்களில் இது சகஜம், அந்தச் சேறு மேலே போகும் சின்ன எண்ணெய் வழிகளை அடைத்து கேம்ஷாஃப்ட்டைத் தின்றுவிடும். என்னுடையதிலும் கேம்ஷாஃப்ட்டில் வால்வைத் தள்ளும் மேடுகளில் இரண்டு தேய்ந்து வட்டமாகிவிட்டிருந்தன. புதிய கேம்ஷாஃப்ட், ஹைட்ராலிக் டேப்பட்கள், டைமிங் செயின், ஆயில் பம்ப் கியர், தகர ஹெட் கேஸ்கெட்டுக்குப் பதில் கனமான கூட்டுக் கேஸ்கெட் எல்லாம் மாற்றினார்கள். பிஸ்டனும் கிராங்க்கும் நன்றாக இருந்ததால் தொடவில்லை. இந்தப் பகுதியில் அவர்கள் வேலைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன், ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி மேசையில் வரிசையாக அடுக்கிவைத்து, எது போதும், எது போதாது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போனார்கள். ஒன்று மட்டும் மனதில் வையுங்கள்: சூடான பிறகு ஆயில் பிரஷர் முள் 30 பிஎஸ்ஐ பக்கம்தான் நிற்கும். மற்ற இன்ஜின்களைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் பயமாக இருக்கும், ஆனால் இந்த இன்ஜினுக்கு அது இயல்பு.

ஏன் 3.5 போதும் என்கிறேன்? இதே இன்ஜின் பிறகு 3.9, 4.0, 4.2, 4.6 என்று வளர்ந்தது, டிவிஆர் 5 லிட்டர் வரை கொண்டுபோனது. எல்லாமே வெளியிலிருந்து பார்த்தால் ஒரே அளவு, அதனால் ‘அதே இடத்தில் 4.6 உட்காருமே, எதற்கு 3.5’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பிளாக்கின் வெளி அளவு மாறாமல் சிலிண்டரை மட்டும் அகலப்படுத்தியதால் சிலிண்டர் லைனருக்குப் பின்னால் இருக்கும் அலுமினியச் சுவர் மெல்லிசாகிவிட்டது. கொஞ்சம் அதிகமாகச் சூடானாலே அந்தச் சுவரில் விரிசல் விழுந்து கூலன்ட் லைனருக்குப் பின்னால் கசியலாம், லைனரே நகர்ந்து தட்டவும் செய்யலாம். மேல் விளிம்பு வைத்த லைனர்களைப் போட்டுச் சரி செய்ய முடியும், நன்றாகச் செய்கிற பட்டறைகள் இருக்கின்றன, ஆனால் அது இன்னொரு பெரிய செலவு. இந்தத் தொல்லை 3.5-இல் அபூர்வம். குறுகிய இன்ஜின் அறையில் வெப்பத்தோடுதான் எப்போதும் போராடப் போகிறோம் என்று தெரிந்தபிறகு வெப்பத்துக்கு அஞ்சும் பிளாக்கை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? தவிர 4.6-இன் இழுவையைத் தாங்க பின் ஆக்சில், பிரேக், டயர் எல்லாவற்றையும் இன்னொரு படி ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றிக்கொண்டே போனால் கடைசியில் எம்ஜியின் பாடி மட்டும்தான் மிஞ்சும். நடுவே வேண்டுமென்றால் 3.9 சரி. எம்ஜி நிறுவனமே 1992-இல் ஆர்வி8 என்ற பெயரில் இதே பாடியின் வம்சத்தில் 3.9 வைத்து 190 பிஎச்பி-க்குக் காரை விற்றது, பெரும்பாலானவை ஜப்பானுக்குப் போயின.

அமெரிக்காவில் இதே காருக்குள் ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வி8-ஐயும் ஃபோர்டின் 302 வி8-ஐயும் வைக்கிறார்கள், வைக்கட்டும். அது வேறு கார்.

இனி குறைகள். பெரிய குறை வெப்பம்தான். வி8-க்கு இரண்டு பக்கமும் எக்ஸாஸ்ட் உண்டு, எம்ஜியின் இன்ஜின் அறையில் இரண்டு பக்கமும் இடம் இல்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பிளாக்கை ஒட்டியே கீழே இறங்கும் வகை ஒன்று, உள் மட்கார்டில் துளை போட்டு சக்கரத்தின் பக்கமாக வெளியே போகும் ஆர்வி8 வகை ஒன்று. எனக்கு முதல் வகையைப் போட்டுக் கொடுத்தார்கள். வலது பக்கக் குழாய் ஸ்டியரிங் தண்டை உரசாத குறையாகப் போகிறது, வெப்பத் தடுப்பு எதுவும் வைக்கவில்லை. முன்னால் ஒற்றை ஃபேன். காரை எடுத்துவந்த கோடையில் நார்த் சர்க்குலர் சாலையில் நின்று நின்று போனபோது முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறியது, கால் வைக்கும் இடம் கொதித்தது, நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகிப் பிடிக்க மறுத்தது. தொழிற்சாலைக்காரர்கள் 1973-லேயே இரண்டு மின் ஃபேன் வைத்திருந்தார்கள், இது தெரியாத ஒர்க்‌ஷாப் இல்லை இது. கேட்டதற்கு ‘பெரும்பாலானவர்களுக்கு ஒன்றே போதுமாக இருந்தது’ என்றார்கள். கிராமப்புறத்தில் ஓட்டுபவர்களுக்குப் போதுமாக இருந்திருக்கும், நான் லண்டனில் இருக்கிறேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். திரும்பக் கொண்டுபோய் இரட்டை ஃபேன், கனமான அலுமினிய ரேடியேட்டர், ஆர்வி8 வகை மேனிஃபோல்ட் எல்லாம் போட்ட பிறகுதான் கார் மனுஷன் ஓட்டக்கூடியதாக ஆயிற்று. பாகத்துக்கான காசை வாங்கிக்கொண்டார்கள், கூலி வாங்கவில்லை, அது நியாயம். நீங்கள் செய்வதாக இருந்தால் ஆரம்பத்திலேயே ஆர்வி8 மேனிஃபோல்ட் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மட்கார்டில் துளை போட வேண்டுமே என்று தயங்க வேண்டாம், வெப்பம் பானெட்டுக்குள் தங்காமல் வெளியே போகிறது, வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

கூலன்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. அலுமினிய இன்ஜின் என்பதால் அரிப்பைத் தடுக்கும் ஆன்டிஃப்ரீஸ் கலவை வருஷம் முழுக்க இருக்க வேண்டும், கோடையில் வெறும் தண்ணீர் ஊற்றினால் உள்ளே அரித்துவிடும்.

வயரிங்கும் எனக்குத் திருப்தி இல்லை. ஃபேன்களுக்கும் பெட்ரோல் பம்புக்கும் தனித்தனி ஃபியூஸ், ரிலே இல்லாமல் பழைய வயர்களிலிருந்தே கிளை எடுத்திருந்தார்கள். வேறு ஒரு எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து அதை மட்டும் முழுக்கப் புதிதாகப் போட்டேன். மெக்கானிக் வேலையில் இவ்வளவு கவனமாக இருப்பவர்கள் வயரிங்கில் அசட்டையாக இருப்பது இந்தத் துறையில் புதிதில்லை, அதனால் வண்டியை வாங்கும்போது டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

பெட்ரோல் பற்றி ஒரு விஷயம். இங்கிலாந்தில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரணப் பெட்ரோல் ஈ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது) ஆகிவிட்டது. பழைய ரப்பர் ஹோஸ்களை எத்தனால் அரித்துவிடும், அதனால் இந்த வேலையோடு சேர்த்து எல்லா ஹோஸையும் மாற்றிவிடுவது நல்லது. எஸ்டி1 இன்ஜினின் கம்ப்ரஷன் 9.35, எத்தனால் குறைந்த, விலை கூடிய ஈ5 பெட்ரோல்தான் அதற்குச் சரி. மைலேஜ் நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. நீண்ட பயணத்தில் காலனுக்கு 25 மைலை ஒட்டித் தருகிறது, இன்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் பழைய நாலு சிலிண்டருக்கும் இதற்கும் நெடுஞ்சாலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஊருக்குள் குடிக்கத்தான் செய்யும்.

பிரேக்: முன்னால் நாலு பிஸ்டன் கேலிப்பரும் காற்றோட்டமுள்ள டிஸ்க்கும் போட்டேன், 15 அங்குல சக்கரம் அதற்காகவே தேவைப்பட்டது. பின்னால் பழைய டிரம்மே. போதுமானதாக இருக்கிறது. சஸ்பென்ஷனில் நிறையப் பேர் பணத்தைக் கொட்டுகிறார்கள், முன்பக்கம் முழுவதையும் கழற்றி காயில் ஓவர் வகைக்கு மாற்றுகிறார்கள், சாலையில் ஓட்டுவதற்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. கிங் பின்னுக்கு ஒழுங்காக கிரீஸ் அடித்து, புஷ்களைப் புதிதாக்கி, அமெரிக்காவின் பம்பர், ஹெட்லைட் விதிகளுக்காக ஓர் அங்குலம் உயர்த்திய ரப்பர் பம்பர் காரைப் பழைய உயரத்துக்கு இறக்கினாலே கார் நிமிர்ந்து ஓடுகிறது. பின்பக்கம்தான் கவனம் வேண்டும். லீஃப் ஸ்பிரிங்கில் தொங்கும் ஆக்சிலுக்கு இரட்டிப்பு இழுவை வந்தால், ஈரச் சாலையில் வேகமாகக் கிளம்பும்போது ஆக்சில் துள்ளித் தடதடக்கும். அதைத் தடுக்கும் கம்பிகளைப் போட்டதும் நின்றுவிட்டது.

சத்தம் எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். நன்றாக இருக்கிறது, மிக நன்றாக இருக்கிறது. நின்ற நிலையில் மெல்லிய குமுறல், 3000-க்கு மேல் அடித் தொண்டையிலிருந்து வருகிற ஓர் உறுமல், ஆனால் ஊரைக் கூட்டாது. இரண்டு சைலன்சர் வைத்த அமைப்பைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று மட்டும் வைத்தால் ஜிடியின் பின்கண்ணாடிக் கூண்டுக்குள் 60 மைல் வேகத்தில் ஒரு இரைச்சல் தங்கி காதைக் குடையும்.

காகித வேலை: இன்ஜின் எண்ணும் கொள்ளளவும் மாறியதை வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ-க்கு எழுதி வி5சி என்ற பதிவுச் சான்றில் திருத்த வேண்டும், அதற்கு ஒர்க்‌ஷாப்பின் கடிதம் தேவைப்படும், பணம் கொடுக்கும் நாளிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். இன்ஷூரன்ஸில் மறைக்காமல் எல்லா மாற்றத்தையும் சொல்லி, ஒப்புக்கொண்ட மதிப்புக்கு பாலிசி எடுங்கள். சாதாரணக் கம்பெனிகள் முகத்தைத் திருப்பும், கிளாசிக் கார்களுக்கென்றே இருப்பவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. நாற்பது வருஷம் தாண்டி ஹிஸ்டாரிக் வகுப்பில் பதிவானால் லண்டனில் புகை அதிகமுள்ள வண்டிகளுக்கான யுலெஸ் கட்டணம் கிடையாது, என் போன்றவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

செலவு எவ்வளவு என்றால், எனக்கு ஆன மொத்தம் நான் வாங்கிய காரின் விலையை நன்றாகவே தாண்டிவிட்டது. விற்றால் அது திரும்ப வராது. அதனால் விற்கிற எண்ணத்தோடு இதில் இறங்காதீர்கள். அவ்வளவு செலவழிக்க மனமில்லை என்றால் வேறு யாராவது மாற்றி வைத்த காரை வாங்குவது புத்திசாலித்தனம், அப்படிப்பட்டவை அடிக்கடி விலைக்கு வருகின்றன, போட்ட காசுக்குக் கீழேதான் கொடுப்பார்கள். பார்க்கப் போகும்போது ஆக்சில் விகிதம் என்ன என்று முதலில் கேளுங்கள். பதில் தெரியாத விற்பனையாளரிடம் மற்றக் கேள்விகளுக்கும் பதில் இருக்காது. இன்ஜினைத் திறந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள், ஓட்டிப் பார்த்து முடித்தபின் கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு வெப்ப முள்ளைப் பாருங்கள். ‘தொழிற்சாலை வி8’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் சேஸிஸ் எண்ணைப் பாருங்கள், அசல் ஜிடி வி8-க்கு அது GD2D1 என்று தொடங்கும். வேறு எப்படித் தொடங்கினாலும் அது பிறகு மாற்றிய கார், அந்த விலைக்கே பேசுங்கள்.